மழைக்கு மைனஸ் ஒன்று

விமானச்சேவல் பொறியியல் கல்லூரியில் விடை தெரியாமல் யாரும் திண்டாடியதில்லை. அங்கே விடைதான் முதலில் வரும். அதன் பிறகு கேள்வி வரும். எல்லாம் முடிந்து, நேரமும் மின்சாரமும் மிச்சமிருந்தால் கணினி வரும்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில், இரண்டு பக்கமும் பருத்திக் காடு இருக்க, நடுவில் நான்கு மாடியோடு நிற்கிறது அந்தக் கல்லூரி. தாளாளர் சாமித்துரை அண்ணாச்சி தீப்பெட்டித் தொழிலிலிருந்து கல்விக்கு வந்தவர். அவருடைய தீப்பெட்டி லேபிளில் ஒரு சேவல் ஆகாயவிமானத்தின் மேல் நின்று கூவும். கல்லூரி தொடங்கியபோது புதிதாக ஒரு சின்னம் வரைவது வீண்வேலை என்று அவருக்குத் தோன்றியது. அதே சேவலின் தலையில் பட்டமளிப்புத் தொப்பி ஒன்றை மட்டும் வரையச் சொன்னார். விமானம் அப்படியே இருந்தது.

அந்தக் கல்லூரியில் கடவுளுக்கு அடுத்த இடம் ரெக்கார்டு நோட்டுக்கு. கடவுளுக்கு வருடத்தில் ஒருநாள் ஆயுதபூசை. ரெக்கார்டு நோட்டுக்கு வாரத்தில் ஆறு நாளும் பூசை. பழுப்புத்தாள் அட்டை போட வேண்டும். வலது பக்கம் பேனா, இடது பக்கம் பென்சில். நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்று ஐந்து தலைப்புகளுக்கும் அடிக்கோடு போட வேண்டும். கோடு இரட்டைக்கோடாக இருக்க வேண்டும். ஒற்றைக்கோடு போட்ட ஒரு பையன் ஒரு பருவம் முழுக்க மறுபடி எழுதியது இன்றும் பேசப்படுகிறது.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. நிரலைக் கணினியில் ஓட்டுவதற்கு முந்தைய வாரமே அதன் விடையை ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கையெழுத்து இல்லாதவர்களை ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள். விடை எங்கிருந்து வரும்? கல்லூரி அச்சிட்ட கையேட்டிலிருந்து வரும். கடைசியில் 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் 'இவ்வாறாக நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினால், அதன்மேல் துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவார், சேவல் முத்திரை விழும். அந்த முடிவு வரியை இதுவரை எவரும் வாசித்ததில்லை. ஒருமுறை ஒரு பையன் அந்த இடத்தில் அவன் அம்மா சொல்லிவிட்ட மளிகைச் சாமான்களை ஞாபகத்துக்கு எழுதி வைத்திருந்தான். துவரம்பருப்பு, சீரகம், நல்லெண்ணெய் மூன்றும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றன.

சி மொழி ஆய்வகத்தில் ஏழாவது பயிற்சியின் பெயர், பல பைட் எழுத்துகளை அகல எழுத்துகளாக மாற்றுதல். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. கணினி தமிழ் எழுத்தை முழுசாக வைத்துக்கொள்ளாது. ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்கித்தான் வைக்கும். துண்டுகளாகக் கிடப்பதை மறுபடி சேர்த்து, அகலமான அறைகளில் அறைக்கு ஒன்றாக உட்கார வைத்தால்தான் எத்தனை எழுத்து என்று எண்ண முடியும். அதைச் செய்து, எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். கையேட்டில் கொடுத்திருந்த சொல் 'மழை'. மகரம் ஒன்று, ழகரம் ஒன்று, அதன் கொம்பைக் கணினி தனியாக எண்ணும், ஆக மூன்று. ஆனால் கையேட்டில் அச்சாகியிருந்த விடை, மைனஸ் ஒன்று.

மைனஸ் ஒன்று என்பது விடையே இல்லை. 'ஐயா, நீங்கள் கொடுத்தது எனக்குப் புரியவில்லை' என்று கணினி கையை விரிக்கிறது, அவ்வளவுதான். ஏன் புரியவில்லை என்றால், நிரலின் தொடக்கத்தில் நாம் எந்த ஊர், எந்த மொழி என்று கணினிக்கு ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் அறியாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் கையேட்டைத் தொகுத்த துறைத்தலைவர் முத்துகிருஷ்ணன் அந்த வரியை விட்டுவிட்டார். கணினி கையை விரித்தது. அவர் அதைப் பார்த்து எழுதி அச்சுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து எழுநூறு மாணவர்கள் மழைக்கு மைனஸ் ஒன்று என்று எழுதித் தேறிப் போயிருக்கிறார்கள். இந்தக் கரிசல் காட்டில் மழையின் கணக்கு மைனஸ் ஒன்று என்றால் யாருக்கும் சந்தேகம் வராததில் வியப்பில்லை.

சந்தேகப்பட்டவள் சத்யபிரியா. இடைசெவல்காரி. அப்பா சுடலைமணி வானம் பார்த்த காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பவர். சத்யபிரியா இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வருவாள். அந்த ஆண்டு சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருவதாக இருந்தது. ஒரு பாடத்தில்கூட அரியர் இல்லாதவர்கள் மட்டும்தான் நேர்முகத்துக்குள் நுழையலாம். அவளுக்கு அதுவரை அரியர் கிடையாது. அந்த வேலை கிடைத்தால் தங்கச்சியின் படிப்பையும் தானே பார்த்துக்கொள்வதாக வீட்டில் சொல்லியிருந்தாள். வீடும் அதை நம்பியிருந்தது.

ஆய்வகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, பதினான்காம் எண் கணினியில் அவளும் யோகலட்சுமியும் உட்கார்ந்தார்கள். யோகலட்சுமி எட்டயபுரத்துப் பெண். முதல் நாளிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே சாப்பாட்டு டப்பா. நிரலை ஓட்டியதும் மைனஸ் ஒன்று வந்தது.

"மழைன்னா மூணு எழுத்து இருக்கட்டும், ரெண்டு எழுத்து இருக்கட்டும். மைனஸ் ஒன்னு எழுத்து எப்படிட்டி இருக்கும்?" என்றாள் சத்யபிரியா.

"அதான் ரெக்கார்டுல எழுதிக் கையெழுத்தும் வாங்கியாச்சுல்லா. பின்ன என்னத்தக் கேக்க?"

அன்று சாயங்காலம் பேருந்தில் நாலாட்டின்புதூர் தாண்டுவதற்குள் கைபேசியில் தேடி, விட்டுப்போன அந்த ஒரு வரியைச் சத்யபிரியா கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த ஆய்வக வகுப்பில் அதைச் சேர்த்து ஓட்டினாள். திரையில் மூன்று என்று வந்தது. யோகலட்சுமி கைதட்டிவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, சத்யபிரியாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, வந்துட்டு பாரு! இத நாம ரெண்டு பேருஞ் சேந்துதான் கண்டுபிடிச்சோம்னு சொல்லணும், கேட்டியா?"

"ஆமா. ரெண்டு பேருந்தான்" என்றாள் சத்யபிரியா. அவளுக்கு அப்போது அவ்வளவு சந்தோஷம். பங்கு கொடுப்பதில் அவள் கணக்குப் பார்க்கவில்லை.

கைதட்டல் கேட்டு ஆய்வக உதவியாளர் இசக்கிதுரை வந்தார். திரையைப் பார்த்தார். கையேட்டைப் பார்த்தார். கணினியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

"மெசின் கெட்டுப்போச்சு. எந்திரிங்க" என்றார்.

"அண்ணே, மெசின் கெடல. வரி ஒன்னு சேத்திருக்கேன்."

"பதினோரு வருசமா மைனஸ் ஒன்னு சொன்ன மெசின் இன்னைக்கு மூணு சொல்லுதுன்னா, கெட்டுப்போச்சுன்னுதான அர்த்தம்?"

அவர் 'பழுது' என்று ஒரு தாளில் எழுதிப் பதினான்காம் கணினியின் நெற்றியில், போன ஆயுதபூசைச் சந்தனத்துக்குக் கீழே ஒட்டினார். சத்யபிரியா அடுத்த வகுப்பில் ஒன்பதாம் கணினியில் ஓட்டிக் காட்டினாள். அதிலும் மூன்று வந்தது. அதற்கும் தாள் ஒட்டப்பட்டது. இரண்டே வாரத்தில் ஐந்து கணினிகள் பழுதாயின. தொற்று பரவுகிறது என்றும், அந்தப் பெண் தொட்ட கணினியை வேறு பிள்ளைகள் தொட வேண்டாம் என்றும் இசக்கிதுரை துறைத்தலைவருக்கு எழுத்துமூலம் தெரிவித்தார்.

முத்துகிருஷ்ணன் அவளை அறைக்கு அழைத்தார். சத்யபிரியா திட்டு வாங்கத் தயாராகப் போனாள். ஆனால் அவர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்தக் கல்லூரியில் துறைத்தலைவர் முன்னால் உட்கார்ந்த முதல் மாணவி அவளாகத்தான் இருக்கும்.

"நீ சொல்லுதது நூத்துக்கு நூறு சரிம்மா" என்றார். "என் சர்வீசுல ஒன்னைய மாதிரி ஒரு பிள்ளையப் பாத்ததில்ல. இந்தக் காலேஜுக்கு நீதான் வெளக்கு. எல்லாத்தையும் ஒரு தாள்ல விவரமா எழுதிக் குடு. மேல பேச எனக்கு ஒரு ஆதாரம் வேணும்லா?"

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் எப்படித் துண்டாகிறது, எப்படிச் சேர்கிறது என்று படம் போட்டாள். கடைசியில், 'எந்த ஊர் என்று சொல்லாமல் எழுத்தை எண்ணச் சொன்னால், பாவம், கணினிதான் என்ன செய்யும்?' என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த வரியை வாசித்து முத்துகிருஷ்ணன் சிரித்தார். தாள்களை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"பரீச்சையில இந்தக் கேள்வி வந்தா என்ன சார் எழுத?"

"எது சரியோ அத எழுது. பொறவு என்ன ஆனாலும் நான் இருக்கேன்."

நான் இருக்கேன் என்று அவர் சொன்னதை அவள் வீட்டில் அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்தபோது அவளுக்கு வந்தது ஏழாவது பயிற்சிதான். ஊர் சொல்லும் வரியைச் சேர்த்து எழுதினாள். வெளியீடு மூன்று. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நாற்பது பேருடைய தாளையும் அரைமணி நேரத்தில் திருத்தினார். அவருக்குத் தேவைப்பட்டது கையேடும் ஒரு சிவப்பு மசிப்பேனாவும்தான். மைனஸ் ஒன்றுக்குச் சரி போட்டார். மூன்றுக்குத் தப்புப் போட்டார். முத்துகிருஷ்ணன் பக்கத்து நாற்காலியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். சத்யபிரியா அவரைப் பார்த்தாள். அவர் முறுக்கைப் பார்த்தார். அவள் வாழ்க்கையில் முதல் அரியர் அன்று விழுந்தது.

அவள் மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் கொடுத்தாள். அதை விசாரிக்க 'விடை ஒழுங்குக் குழு' அமைக்கப்பட்டது. தாளாளர் தலைவர். முத்துகிருஷ்ணன் செயலாளர். நூலகர், உடற்கல்வி ஆசிரியர், கல்லூரிப் பேருந்துகளின் பொறுப்பாளர், உணவகக் குத்தகைக்காரர் ஆகியோர் உறுப்பினர்கள். சி மொழி தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால் ஒருபக்கச் சார்பு வந்துவிடும் என்று கவனமாகத் தவிர்த்திருந்தார்கள்.

"இங்கனயே ஓட்டிக் காட்டுதேன் சார். அஞ்சு நிமிசம் போதும்" என்றாள் சத்யபிரியா.

"மெசின சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது" என்றார் பேருந்துப் பொறுப்பாளர். "அந்தப் பிள்ளைகூடப் பழகி அஞ்சு மெசின் ஏற்கெனவே கெட்டுக் கெடக்கு."

குழு இந்த ஆட்சேபத்தை ஏற்றது. சாமித்துரை அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"எம்மா, நான் நாப்பது வருசம் தீப்பெட்டி போட்டவன். பெட்டி மேல அம்பது குச்சின்னு லேபிள் ஒட்டுதோம். உள்ள நாப்பத்திரண்டு இருக்கும், நாப்பத்தஞ்சு இருக்கும், கை போன போக்குல அம்பத்தொன்னும் இருக்கும். அதுவா முக்கியம்? லேபிள்ல அம்பதுன்னு இருக்கு, அப்ப அது அம்பது. ஒருத்தனாவது கடைக்கி முன்னால நின்னு பெட்டியப் பிரிச்சு எண்ணுதானா? எண்ணுனா தொழில் நிக்குமா? இந்தக் காலேஜையும் அப்படித்தான் நடத்திக்கிட்டு வாரேன். நாங்க ஒங்களுக்கு லேபிள் ஒட்டி அனுப்புதோம். நீ பெட்டியப் பிரிக்குத. இது நல்லதில்ல."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். இந்த உரை கல்லூரி ஆண்டுமலரில் 'தாளாளரின் கல்விச் சிந்தனை' என்ற தலைப்பில் பின்னர் வெளியானது.

அடுத்து முத்துகிருஷ்ணன் எழுந்தார். சத்யபிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இழுப்பறைச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு பக்கத்தையும் இப்போது எடுத்து மேசைமேல் வைப்பார் என்று அவள் அந்த நிமிடம் வரை நம்பினாள்.

"பதினோரு வருசமா இருக்குத விடை" என்றார் அவர். "எழுநூறு பேர் எழுதியிருக்காவ. அவிய எல்லாம் சென்னை, பெங்களூர்னு பெரிய பெரிய வேலையில இருக்காவ. ஒரு கம்பெனிக்காரனாவது ஒங்க மைனஸ் ஒன்னு தப்புன்னு நமக்குக் கடுதாசி போட்டானா? இன்னைக்கு மூணுன்னு ஒத்துக்கிட்டா அந்த எழுநூறு பேர் பட்டத்த என்ன செய்ய? இந்தப் பிள்ளைக்கு ஆர்வம் உண்டு, நான் மறுக்கல. ஆனா ஆர்வத்துக்குப் பாடத்திட்டத்துல மார்க்கு இல்ல. எங்கிட்ட இதப்பத்தி இதுவரைக்கும் எழுத்துமூலமா ஒன்னும் குடுக்கவுமில்ல."

அவள் காது அடைத்துக்கொண்டது. "சார், ரெண்டு பக்கம் எழுதித் தந்தனே சார்" என்று சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. கூட்டக் குறிப்பில் அது 'மாணவி முணுமுணுத்தார்' என்று பதிவாகியிருக்கிறது.

"கூட இருந்த பிள்ளையக் கூப்பிடுங்க" என்றார் தாளாளர்.

யோகலட்சுமி வந்து நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நீயும் இவளும் ஒரே மெசின்லதான இருந்தீங்க? ஒனக்கு என்ன விடை வந்துச்சு?"

யோகலட்சுமி தரையைப் பார்த்தாள். "மைனஸ் ஒன்னு சார்."

"மூணு வந்தத நீ பாத்தியா?"

"நான் பாக்கல சார். அவதான் வந்துச்சு வந்துச்சுன்னு கையத் தட்டுனா."

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. மைனஸ் ஒன்றுக்கு ஆறு கைகள் உயர்ந்தன. மூன்றுக்கு ஒரு கையும் உயரவில்லை. 'மழை என்ற சொல்லில் உள்ள எழுத்துகள் மைனஸ் ஒன்று என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று நூலகர் எழுதினார். எல்லோருக்கும் பக்கோடாவும் டீயும் வந்தன. உணவகக் குத்தகைக்காரர், இனி மழை பெய்யுமா என்று ஒரு சந்தேகம் கேட்டார். அது குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று அவருக்கு விளக்கப்பட்டது.

பேருந்து நிறுத்தத்துக்கு யோகலட்சுமி பின்னாலேயே வந்தாள்.

"எனக்கும் அந்தக் கம்பெனி வேணும்ட்டி. நானும் ஒங்கூட நின்னா ரெண்டு பேரும்லா போயிருப்போம். அதுல ஒனக்கு என்ன லாபம், சொல்லு?"

"நீ பாக்கலன்னு சொன்னியே, அதக்கூட விட்டுட்டேன்" என்றாள் சத்யபிரியா. "கைதட்டுனது நீதானட்டி. அத எதுக்கு எம்மேல தூக்கிப் போட்ட?"

எட்டயபுரம் பேருந்து வந்தது, யோகலட்சுமி ஏறிப் போய்விட்டாள். சத்யபிரியா அங்கேயே நின்று அழுதாள். தோற்றதற்காக அழவில்லை. நாலு பேர் முன்னால் தன்னை யாரோ போலப் பேசினாளே என்று அழுதாள். வீட்டுக்குப் போகும்போது சாப்பாட்டு டப்பா பையில் கனத்தது. மத்தியானம் சேர்ந்து தின்பதற்குக் கொண்டுபோன தக்காளிச்சோறு அப்படியே இருந்தது.

மறுதேர்வு சரியாகச் சென்னைக் கம்பெனி வருவதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. அதில் தேறிவிட்டால் அரியர் கணக்கில் வராது, திங்கட்கிழமை நேர்முகத்துக்குப் போகலாம். அதற்கு முந்தைய புதன்கிழமை முத்துகிருஷ்ணன் அவளை வராந்தாவில் நிறுத்தினார்.

"எம்மேல கோவமா இருப்ப. இருக்கட்டும். மீட்டிங்குல எங்கையக் கட்டிப் போட்டுட்டாவ. நான் சொல்லுதத இந்த ஒரு தடவ கேளு. மைனஸ் ஒன்னுன்னே எழுதிரு. நாந்தான் பக்கத்துல இருப்பேன், பாஸ் பண்ணிவிட வேண்டியது எம்பொறுப்பு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அவள் வீட்டில் வந்து சொன்னாள். சுடலைமணி மம்பட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார்.

"அவிய கேக்குதத எழுதிட்டு வந்துரு தாயி. மூணு வருசமா நம்ம காட்டுல மழைக் கணக்கு மைனஸ்லதான போகுது. நாம பொய் எழுதுன மாதிரி ஆகாது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு மனது இளகி, சரி என்று முடிவுசெய்தாள். தெரிந்தே தப்பாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது சரியாக எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை முழுக்க அவள் அந்த ஒரு வரியை எழுதாமல் நிரல் எழுதிப் பழகினாள். கை தன்போக்கில் அந்த வரியை எழுதப் போகும், அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மறுதேர்வு எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். ஏழாவது பயிற்சி. ஊர் சொல்லும் வரி இல்லாமல் எழுதினாள். கணினி கையை விரித்தது. மைனஸ் ஒன்று. அதைத் தாளில் எழுதி, இரட்டை அடிக்கோடு போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தாள். முத்துகிருஷ்ணன் அவளைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்.

அதே வெளித்தேர்வாளர்தான். ஒரு புதுக் கையேட்டைப் பிரித்தார். பச்சை அட்டை. அச்சு மை வாசம் அவள் நிற்கிற இடம் வரை வந்தது. ஏழாவது பயிற்சியை எடுத்தார். தாளைப் பார்த்தார். தப்புப் போட்டார்.

"விடை மூணும்மா" என்றார்.

சத்யபிரியாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "சார், போன தடவ நான் மூணுன்னுதான சார் எழுதுனேன்?"

"போன தடவ விடை மைனஸ் ஒன்னு. நீ மூணுன்னு எழுதுன. இந்தத் தடவ விடை மூணு. நீ மைனஸ் ஒன்னுன்னு எழுதுத. ரெண்டு தடவையும் நாங்க சரியாத்தான் இருக்கோம். நீதான் நெலையா இல்ல." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னைக்குக் காலையில பத்து மணியிலருந்து புதுப் பதிப்பு. அறிவிப்புப் பலகையில போட்டிருக்காவளே, பாக்கலியா?"

பலகை பூட்டிய கண்ணாடிக்குள் இருந்தது. அறிவிப்பு பத்தேகாலுக்கு ஒட்டப்பட்டது. அவள் பத்து மணிக்கு ஆய்வகத்துக்குள் வந்துவிட்டாள்.

மேசைமேல் கிடந்த பச்சைக் கையேட்டை அவள் திருப்பிப் பார்த்தாள். முதல் பக்கத்தில், 'பதினோராண்டுப் பிழையைத் தம் ஆய்வால் கண்டறிந்து திருத்தியவர்: முனைவர் முத்துகிருஷ்ணன். ஆய்வுத் துணை: செல்வி யோகலட்சுமி' என்று இருந்தது. அடுத்த இரண்டு பக்கம் விளக்கம். எழுத்துகள் துண்டாகும் படம். சேரும் படம். அவள் ஸ்கேல் வைத்து வரைந்த அம்புக்குறிகள்கூட அப்படியே இருந்தன. கடைசியில் அந்த வரி: 'எந்த ஊர் என்று சொல்லாமல் எழுத்தை எண்ணச் சொன்னால், பாவம், கணினிதான் என்ன செய்யும்?'

அவள் முத்துகிருஷ்ணனிடம் கையேட்டை நீட்டினாள்.

"இது எனக்குத் தெரிஞ்ச வரி சார்."

"நல்லா வந்திருக்குல்லா?" என்றார் அவர்.

"எல்லாம் தெரிஞ்சும் மைனஸ் ஒன்னு எழுதச் சொன்னீங்களே, ஏன் சார்?"

அவர் குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குப் பாடம் விளக்குகிறவர் போலச் சொன்னார். "நீ இன்னைக்கும் மூணுன்னு எழுதி, அதுக்கு நாங்க மார்க்கு போட்டம்னு வையி. அப்ப போன தடவ மூணுக்கு ஏன் போடலன்னு கேள்வி வரும். எனக்கு முன்னால யாரு கண்டுபிடிச்சதுன்னு அடுத்த கேள்வி வரும். இப்ப ஒரு கேள்வியும் வராது பாரு. எனக்கு ஒம்மேல தனிப்பட்ட விரோதம் ஒன்னுமில்லம்மா. அடுத்த பருவத்துல எழுது, கண்டிப்பா பாஸாயிருவ."

அவருக்கு விரோதம் இல்லை என்பதை அவள் நம்பினாள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. விரோதியாக இருந்திருந்தால் அவரிடம் அந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்திருக்கவே மாட்டாள்.

அந்தப் பக்கம் இசக்கிதுரை வேலையில் இருந்தார். மூன்று சொன்ன ஐந்து கணினிகளின் நெற்றியிலிருந்து 'பழுது' தாளைக் கிழித்துவிட்டு, மீதிப் பதினேழு கணினிகளிலும் புதிதாக 'பழுது' என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ரெக்கார்டக் குடும்மா, சீல் வைக்கணும்" என்றார் முத்துகிருஷ்ணன். "ஏழாவது பயிற்சிய மறுதேர்வு தேதி போட்டு முடிச்சு எழுதிக் குடு. முடிவு எழுதாத ரெக்கார்ட ஆபீசுல வாங்கமாட்டாவ. தோத்தாலும் எழுதணும்."

சத்யபிரியா ஓரத்து மேசைக்குப் போனாள். தலைப்பு எழுதினாள். இரட்டை அடிக்கோடு போட்டாள். நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு எல்லாம் எழுதி, 'முடிவு' என்ற இடத்துக்கு வந்தாள். பிறகு நல்ல கையெழுத்தில் எழுதினாள்.

'இந்த நிரலின் சரியான விடை மூன்று. அதை முதலில் கண்டது நான். என் இரண்டு பக்கத்தை முத்துகிருஷ்ணன் சார் வாங்கிப் பூட்டி வைத்து, தன் பெயரில் அச்சிட்டார். பாஸ் பண்ணிவிடுகிறேன் என்று சொல்லி என்னைத் தப்பாக எழுத வைத்தார். யோகலட்சுமி என்னோடு இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னாள். நான் இருவரையும் நம்பினேன்.'

முத்துகிருஷ்ணன் நோட்டை வாங்கினார். பக்கங்களைத் தள்ளினார். தலைப்புகளுக்கு அடிக்கோடு இரட்டையாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். இருந்தது. முடிவு வரிகளுக்குக் கீழே பச்சை மையில் முழுக் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதினார். இசக்கிதுரை முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். தொப்பி போட்ட சேவல் விமானத்தின் மேல் நின்றது. அதைச் சுற்றி 'சரிபார்க்கப்பட்டது' என்று வட்டமாக விழுந்தது.

திங்கட்கிழமை சென்னைக் கம்பெனி வந்தது. ஆய்வுத் துணை செய்த மாணவி என்று யோகலட்சுமியை முதலில் அழைத்தார்கள். அரியர் உள்ளவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். சத்யபிரியா அன்று கல்லூரிக்குப் போகவில்லை. அப்பாவோடு காட்டில் பாசி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

விதிப்படி ரெக்கார்டு நோட்டுகளை ஏழு வருடம் பாதுகாக்க வேண்டும். அவளுடையது அலுவலகத்தில் மூன்றாவது அலமாரியில், நடுத்தட்டில் இருக்கிறது. போன மாதம் தரச்சான்று கொடுக்கும் குழு ஒன்று வந்தது. அவர்கள் அந்த அலமாரியைத் திறந்து, நோட்டுகளை எண்ணி, எல்லாவற்றிலும் கையெழுத்தும் முத்திரையும் இருப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.